பூதலூரில் ஆப்பிள் காய்க்குமா?

கல்லணைக்கும் தஞ்சைக்கும் இடையே உள்ள ஊர் பூதலூர். சுற்றிலும் வாய்க்கால்கள், நெல் வயல்கள், வரப்போரம் தென்னை, கொல்லையில் வாழை. மா, கொய்யா, சப்போட்டா ஆகியவை இங்கே கேட்காமலே காய்க்கும். ஆப்பிள் மட்டும் கடைக்கு வரும் பழம். அதைத் தின்றுவிட்டு விதையை ஒரு தொட்டியில் போட்டு வைக்காத சிறுவர்கள் குறைவு. சில சமயம் விதை முளைக்கும். இரண்டு முழம் வளரவும் செய்யும். பிறகு ஆண்டுகள் பல போனாலும் பூ வருவதில்லை.

இப்போது வேறொரு வழியும் வந்திருக்கிறது. தொட்டியிலேயே காய்க்கும் ஆப்பிள், 45 பாகை வெயிலையும் தாங்கும் ஆப்பிள் என்று சொல்லிக் கன்றுகள் விற்கப்படுகின்றன. ஒரு கன்றுக்குச் சில நூறு ரூபாய் விலை. வாங்கலாமா, வேண்டாமா? தொட்டியில் வைத்தால் ஆப்பிள் காய்க்குமா? இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆப்பிள் மரம் ஓர் ஆண்டை எவ்வாறு கழிக்கிறது என்பதை அறிந்தால் விடை தானே விளங்கும்.

உறங்கும் மொட்டுகள்

ஆப்பிளின் பிறப்பிடம் நடு ஆசியாவிலுள்ள தியான்ஷான் மலைச் சரிவுகள். இன்றும் கசக்ஸ்தான் நாட்டு மலைகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் உள்ளன. அந்நாட்டின் பெருநகரான அல்மாட்டியின் பெயரிலேயே ஆப்பிளைக் குறிக்கும் சொல் அடங்கியிருக்கிறது. அங்கே குளிர்காலம் கடுமையானது. இளந்தளிரும் பூவும் உறைபனியில் கருகிவிடும். ஆகவே அந்த மரம் இலைகளை உதிர்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான தளிரையும் பூவையும் சிறு மொட்டுகளுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உறங்கக் கற்றது.

இந்த உறக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. குளிர்காலத்தின் நடுவே நான்கு நாள் வெயில் அடித்தால், வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து மொட்டு விரியலாகாது. விரிந்தால் அடுத்த வாரப் பனியில் அந்த ஆண்டின் பூக்கள் அனைத்தும் அழியும். எனவே போதுமான நேரம் குளிரை அனுபவித்த பிறகே மொட்டு விழிக்கும். இதையே மரத்தின் ‘குளிர்த் தேவை’ என்கிறோம்.

இது நெல் வயலில் வளர்ந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், சில நெல் இரகங்கள் கதிரிலேயே முளைத்துவிடுகின்றன. வேறு சில இரகங்கள் அதே மழையில் நனைந்தாலும் முளைப்பதில்லை. அறுவடைக்குப் பின் சில வாரங்கள் கிடந்த பிறகே அவற்றின் விதை முளைக்கும். இதை விதை உறக்கம் என்பர். தப்பான வேளையில் முளைக்காமல் காப்பது நெல்லின் உறக்கம். தப்பான வேளையில் பூக்காமல் காப்பது ஆப்பிளின் உறக்கம். நெல்லின் உறக்கம் நாள் ஆக ஆகத் தானே கலையும். ஆப்பிளின் உறக்கம் கலையக் குளிர் வேண்டும்.

குளிருக்கு ஒரு கணக்கு

எவ்வளவு குளிர் வேண்டும்? மிக எளிய முறை, 7.2 பாகை செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் வெப்பநிலை இருந்தது என்று எண்ணுவதாகும். பழைய பாரன்ஹீட் அளவில் இது 45 பாகை. காஷ்மீரிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் விளையும் ‘டெலிசியஸ்’ வகை ஆப்பிள்களுக்கு ஆயிரம் மணி நேரம் அல்லது அதற்கும் மேற்பட்ட குளிர் தேவைப்படுகிறது. அதாவது ஒரு நாளில் 12 மணி நேரம் அத்தகைய குளிர் இருந்தாலும் ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும்.

பின்னர் இந்தக் கணக்கு திருத்தப்பட்டது. 1974இல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வாளர்கள் வெளியிட்ட முறைப்படி, நடுத்தரக் குளிரே மிகுந்த பயன் தருவது. வெப்பநிலை 16 பாகைக்கு மேலே போனால், முன்பு சேர்த்த குளிரும் கணக்கிலிருந்து கழிக்கப்படும். 1980களில் இஸ்ரேல் நாட்டினர், வெப்பமான குளிர்காலம் உள்ள இடங்களுக்கென இன்னொரு கணக்கை உருவாக்கினர்.

தஞ்சை மாவட்டத்தில் தை மாதத்து இரவுகளில் கூட வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகைதான். போர்வை தேடும் அந்தக் குளிர், ஆப்பிள் மொட்டுக்குக் குளிரே அன்று. எந்தக் கணக்கைப் பயன்படுத்தினாலும் பூதலூரின் குளிர் வரவு சுழியம்தான்.

தமிழ்நாட்டில் ஆப்பிள் விளையும் இடம் கொடைக்கானல். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளதால் அங்கே குளிர்கால இரவுகள் சிலவற்றில் 7 பாகைக்கும் கீழே இறங்குகிறது. அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ‘பார்லின்ஸ் பியூட்டி’ என்ற குறைந்த குளிர்த் தேவையுள்ள ஆப்பிளைத் தேர்ந்து, கே.கே.எல். 1 என்ற பெயரில் வெளியிட்டது. மலை மேல் அது காய்க்கிறது. அதே கன்றைக் கீழே கொண்டுவந்தால்?

இரண்டு பூட்டுகள்

இங்கே ஓர் ஐயம் எழவேண்டும். உறக்கத்தைக் கலைக்கக் குளிர் வேண்டும் என்றால், உறங்கவே செய்யாத மரத்துக்குக் குளிர் எதற்கு?

இந்த ஐயம் சரியானதே. 2005ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆய்வாளர்களான ஹைடேயும் பிரெஸ்ட்ருடும் ஒரு முடிவை வெளியிட்டனர். பல மரங்கள் பகல் பொழுது குறுகுவதைக் கண்டு உறங்கப் போகின்றன. ஆப்பிளும் பேரியும் அவ்வாறு அல்ல. 12 பாகைக்குக் குறைந்த குளிரே அவற்றை உறங்க வைக்கிறது. பிறகு நீண்ட குளிரே அவற்றை எழுப்புகிறது. தாலாட்டுவதும் எழுப்புவதும் ஒரே கைதான்.

பூதலூரில் வெப்பநிலை 12 பாகைக்கு இறங்குவதே இல்லை. ஆகவே ஆப்பிள் இங்கே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக வழியில்லை. அப்படியானால் அது ஏன் நன்றாகப் பூப்பதில்லை?

மொட்டைப் பூட்டி வைப்பவை இரண்டு. முதலாவது வெளிப்பூட்டு. கிளையின் நுனியும், மொட்டை ஒட்டியுள்ள இலையும் தம் ஹார்மோன்களால் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கின்றன. இரண்டாவது உட்பூட்டு. அது மொட்டுக்குள்ளேயே உண்டாகும் ஆழ்ந்த உறக்கம். குளிர்நாட்டில் இலையுதிரும்போது முதற்பூட்டும், குளிர் நிறையும்போது இரண்டாம் பூட்டும் திறக்கின்றன. பிறகு வெப்பம் ஏறியதும் எல்லா மொட்டுகளும் ஒரே வாரத்தில் விரிகின்றன.

நம் சமவெளியில் இரண்டாம் பூட்டு முழுமையாக விழுவதில்லை, முதற்பூட்டு திறப்பதுமில்லை. இலைகள் உதிராமல் மாதக்கணக்கில் முதிர்ந்து கிடக்கின்றன. நுனி மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. பக்கக்கிளைகள் இன்றி மரம் ஒரு நீண்ட குச்சியாக நிற்கிறது. எப்போதாவது ஒரு மூலையில் நான்கு பூக்கள் வரும். உடன் பூக்கும் துணையின்றி அவையும் உதிரும். தொட்டியில் விதை போட்டவர்கள் கண்ட காட்சி இதுவே.

இந்தப் பூட்டுகள் மரபணுக்களில் எழுதப்பட்டவை என்பதற்கு மெக்சிகோவில் கண்டறியப்பட்ட ஒரு பீச் மரம் சான்று. அது உறங்கவே தெரியாத மரம். குளிர் வந்தாலும் நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். உறக்கத்தோடு தொடர்புடைய சில மரபணுக்கள் அதில் இல்லாமற்போயிருப்பதை 2008இல் விஞ்ஞானிகள் காட்டினர். ஆப்பிள் பீச்சின் உறவினம். இரண்டும் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சாவாவில் கற்ற பாடம்

இந்தோனேசியாவின் சாவாத் தீவில் பாத்து என்ற மலையூர் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டுப் பாகை தொலைவில் உள்ள அங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆயினும் அங்குள்ள உழவர்கள் ‘ரோம் பியூட்டி’ முதலிய ஆப்பிள்களை ஆண்டுக்கு இருமுறை அறுவடை செய்து வந்திருக்கின்றனர்.

அவர்கள் செய்தது எளிமையானது. அறுவடை முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் மரத்தின் இலைகள் எல்லாவற்றையும் கையால் உருவிவிடுவார்கள். கிளைகளை வளைத்துக் கிடையாகக் கட்டுவார்கள். இலை போனதும் முதற்பூட்டு திறக்கிறது. இரண்டாம் பூட்டு இறுகுமுன் இதைச் செய்வதால் மொட்டுகளுக்குக் குளிர் தேவைப்படுவதில்லை. சில வாரங்களில் மரம் முழுவதும் பூக்கும். கிளையைக் கிடையாகக் கட்டுவது நுனியின் ஆதிக்கத்தைக் குறைத்துப் பக்க மொட்டுகளுக்கு வாய்ப்பளிக்கிறது.

இதுவும் நமக்கு அந்நியமான வித்தை அன்று. திராட்சையும் குளிர்நாடுகளில் இலையுதிர்த்து உறங்கும் கொடியே. ஆனால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அது உறங்குவதில்லை. கவாத்துச் செய்த கணக்கில் மொட்டு விரிகிறது. அங்கே பன்னீர் திராட்சையில் இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது அந்தத் திராட்சை. திராட்சைக்குக் கத்தரிக்கோல் செய்யும் வேலையை, ஆப்பிளுக்கு இலை உருவும் கை செய்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பாத்து மலையூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே இரவுகள் குளிர்ச்சியானவை. சித்திரை வெயில் அங்கே இல்லை. அங்கேயுங்கூட அண்மைக் காலத்தில் மரங்கள் மூப்படைந்தும் வெப்பம் கூடியும் ஆப்பிள் விளைச்சல் குறைந்து வருகிறது.

குளிர் கேளாத வகைகள்

தரைமட்டத்தில் ஆப்பிள் காய்த்ததே இல்லையா? காய்த்திருக்கிறது. அட்லாண்டிக் கடலிலுள்ள பகாமாஸ் தீவுகளின் தலைநகரான நாசோ கடலோர நகரம்; உறைபனியை அறியாதது. அங்கே ஐரீன் டார்செட் என்ற பெண்மணியின் தோட்டத்தில் விதையிலிருந்து வளர்ந்த மரம் ஒன்று மஞ்சள் நிறக் கனிகளைத் தந்தது. அதுவே ‘டார்செட் கோல்டன்’ என்று பெயர் பெற்றது. இஸ்ரேலில் ஐன் ஷெமர் என்ற குடியிருப்பைச் சேர்ந்த அப்பா ஸ்டெய்ன், வெப்பமான இடங்களுக்கென்றே கலப்பினம் செய்து ‘அன்னா’ என்ற வகையை உருவாக்கினார். அன்னாவின் குளிர்த் தேவை 200 முதல் 300 மணி நேரம்தான்.

நம் நாட்டிலும் இத்தகைய ஒன்று கிடைத்திருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் பனியாலா என்னும் சிற்றூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 அடி உயரம். ஆப்பிள் விளையும் மலைகளுக்கு வெகு கீழே, மாம்பழம் விளையும் பகுதி. 1990களின் இறுதியில் அவ்வூர் உழவர் அரிமன் சர்மாவின் வீட்டு முற்றத்தில், எறிந்த விதையிலிருந்து ஓர் ஆப்பிள் கன்று முளைத்தது. சில ஆண்டுகளில் அது காய்த்தது. அதை அவர் ஒட்டுக்கட்டிப் பெருக்கினார். தேசியப் புத்தாக்க நிறுவனம் அதன் கன்றுகளைப் பல மாநிலங்களுக்கு அனுப்பிச் சோதித்தது. எச்.ஆர்.எம்.என். 99 என்று வழங்கும் வகை அதுவே. 2025இல் அரிமன் சர்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கே வாங்குவோர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 45 பாகையைத் தாங்கும் என்பது கோடையைப் பற்றிய பேச்சு. குளிர்த் தேவை என்பது குளிர்காலத்தைப் பற்றிய பேச்சு. பிலாஸ்பூரில் கோடை கடுமைதான். ஆனால் மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் அங்கே 10 பாகைக்கும் கீழே இறங்கும். வட இந்தியச் சமவெளியிலும் அப்படியே. தஞ்சையில் அந்த இரவுகள் இல்லை. ஆகவே வடக்கே காய்த்ததென்ற செய்தி, இங்கேயும் அவ்வாறே காய்க்கும் என்பதற்கு உறுதியாகாது.

தொட்டி எதற்கு?

ஆப்பிளைத் தொட்டியில் வளர்ப்பது புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தாமஸ் ரிவர்ஸ் என்ற நாற்றங்கால்காரர், கனிமரங்களைத் தொட்டிகளில் நட்டுக் கண்ணாடிக் கூரையின் கீழ் வளர்க்கும் முறையைப் பரப்பினார். குளிருக்குப் பயந்து அவர்கள் தொட்டியை நாடினார்கள். பூதலூரில் தொட்டியின் பயன் வேறு.

மார்கழியில் இங்கே சம்பா வயல்களில் நீர் நிற்கும். வீட்டுக் கொல்லையிலும் மண் ஈரமாக இருக்கும். ஆப்பிளை ஓய்வெடுக்க வைக்க வேண்டிய அந்த நேரத்தில், நிலத்தில் நட்ட மரத்துக்கு நீரைக் குறைக்க நம்மால் முடியாது. தொட்டியில் முடியும். மேலும் களிமண்ணில் நீர் தேங்கினால் ஆப்பிளின் வேர் அழுகும். சித்திரை வெயிலில் தொட்டியை நிழலுக்கு நகர்த்தலாம். நிலத்து மரத்தை நகர்த்த முடியாது.

தொட்டியில் வேருக்கு இடம் குறைவு. எனவே மரமும் குறுகும். ஆனால் மரத்தைக் குள்ளமாக்குவதில் தொட்டியைவிடப் பெரிய பங்கு வேர்ச்செடிக்கு உண்டு. ஆப்பிளை எப்போதும் ஒட்டுக்கட்டியே பெருக்குகின்றனர். மேலே நமக்கு வேண்டிய வகை. கீழே வேறொரு ஆப்பிளின் வேர். 1913இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம், வேர்ச்செடிகளைப் பிரித்து வகைப்படுத்தி எண்கள் கொடுத்தது. எம் 27 என்ற வேரில் மரம் ஓராள் உயரமே வளரும். எம் 9 வேரில் சற்றுக் கூடுதல். எம்.எம். 106 வேரில் பாதி அளவு மரம். குள்ள வேரின் பட்டை, இலையிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோனை எளிதில் கீழே விடுவதில்லை. அதனால் வேர் குறைவாக வளர்கிறது. வேரிலிருந்து மேலே ஏறும் சைட்டோகைனினும் குறைகிறது. மரம் அடங்கி நிற்கிறது. வளர்ச்சியில் செலவாகாத உணவு பூவுக்கும் காய்க்கும் போகிறது.

விதைக்கன்று ஏன் ஏமாற்றும்?

ஒரு வகை ஆப்பிளின் பூ பெரும்பாலும் அதே வகையின் மகரந்தத்தை ஏற்பதில்லை. சூல் தண்டிலுள்ள ஒரு நொதி, தன் இனத்து மகரந்தக் குழாயைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். வேறு வகை மரத்தின் மகரந்தம் வந்தால்தான் விதை உண்டாகும். எனவே ஒவ்வொரு விதையும் ஒரு கலப்பினம். தாயைப் போல் பிள்ளை இருக்காது. காஷ்மீர் ஆப்பிளின் விதையிலிருந்து காஷ்மீர் ஆப்பிள் வாராது. விதைக்கன்று பூக்கப் பல ஆண்டுகளும் ஆகும். அரிமன் சர்மாவுக்கும் டார்செட் அம்மையாருக்கும் கிடைத்தவை, எண்ணற்ற விதைகளில் ஒன்றுக்கு வாய்க்கும் நற்பேறு.

இதனாலேயே இரண்டு கன்றுகள் வேண்டும். அன்னாவும் டார்செட் கோல்டனும் ஒரே காலத்தில் பூத்து, ஒன்றுக்கொன்று மகரந்தம் தரும் இணை.

கன்று வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: வகை எது, வேர்ச்செடி எது, ஒட்டு எங்கே. தண்டின் அடியில் ஒட்டுக்கட்டிய முடிச்சு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது விதைக்கன்றாக இருக்கலாம். பெயரிலும் கவனம் தேவை. ‘ஆப்பிள் இலந்தை’ என்பது பெரிய காய் இலந்தை. ‘தண்ணீர் ஆப்பிள்’ நாவலின் உறவினம். அவை இரண்டும் நம் வெயிலில் நன்றாகக் காய்க்கும். ஆனால் ஆப்பிள் அல்ல.

முயல விரும்புவோருக்கு

தொட்டி ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ளதாக, 40 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அடியில் பல துளைகள் வேண்டும். வயல் களிமண்ணை மட்டும் நிரப்பலாகாது. செம்மண், ஆற்று மணல், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. அடியில் கல் அடுக்கினால் நீர் நன்கு வடியும் என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளையுள்ள கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. மண் முழுதும் நனைந்த பிறகே இறங்கும். கல் அடுக்கினால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துளையை மூட ஓர் ஓட்டுத்துண்டு போதும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் இருக்க வேண்டும்.

வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் சுவர் தொட முடியாத அளவுக்குச் சுடும். அதனுள் ஒட்டியிருக்கும் வேர் நுனிகள் கருகும். சமவெளியில் தொட்டி ஆப்பிள்கள் மடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொட்டியின் வெளிப்புறம் சுண்ணாம்பு அடியுங்கள். மேலே வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை பிற்பகல் நிழல் கொடுங்கள்.

நீருக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். கோடையில் ஒரு நாளில் 6 மில்லி மீட்டர் நீர் ஆவியாகிறது எனக் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். மரத்தின் நிழல் ஒரு சதுர மீட்டர் என்றால் நாளொன்றுக்கு 6 லிட்டர் செலவு. 40 லிட்டர் தொட்டி மண்ணில் வேர் எடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 10 லிட்டர் இருக்கலாம். இரண்டு நாள் நீரூற்ற மறந்தால் என்னவாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கன்று இரண்டு ஆண்டு வளரட்டும். அதுவரை பூ வந்தாலும் கிள்ளிவிடலாம். பிறகு மார்கழி தொடக்கத்தில் உரத்தை நிறுத்தி, இலை வாடாத அளவுக்கு நீரைக் குறைத்து வாருங்கள். இரண்டு வாரம் கழித்து எல்லா இலைகளையும் மேல்நோக்கி உருவாமல், காம்பின் அடியிலுள்ள மொட்டுக்குக் காயம் படாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுங்கள். நுனிகளைச் சிறிது வெட்டி, கிளைகளைக் கயிற்றால் வளைத்துக் கட்டுங்கள். உடனே நிறைய நீர் விடுங்கள். இரண்டு மரங்களுக்கும் ஒரே நாளில் செய்தால்தான் பூக்கள் ஒன்றாக வரும். தேனீ இல்லாவிட்டால் மென்மையான தூரிகையால் மகரந்தத்தை மாற்றித் தரலாம். மொட்டை விழிக்க வைக்கும் இரசாயனங்களும் உண்டு. அவை நச்சுத்தன்மை வாய்ந்தவை. வீட்டில் அவற்றைத் தொட வேண்டாம்.

தொட்டியில் பனிக்கட்டி கொட்டினால் மரம் ஏமாறுமா என்று சிலர் கேட்கின்றனர். ஏமாறாது. குளிரை உணர்வது வேர் அன்று, மொட்டு.

காய் பிடித்தால் பேராசை வேண்டாம். ஓர் ஆப்பிளை வளர்க்க 30 முதல் 40 இலைகள் உழைக்க வேண்டும். 400 இலைகள் உள்ள மரத்தில் பத்துக் காய்களை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.

பழம் சிவக்காவிட்டால் வருந்தவும் வேண்டாம். தோலின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள். குளிர்ந்த இரவுகளில்தான் ஆப்பிள் அதை மிகுதியாக உண்டாக்கும். வெப்பத்தில் அதற்குரிய மரபணு அடங்கிவிடும். எனவே இங்கே விளையும் பழம் பச்சையோ மஞ்சளோ கலந்து, மென்மையாக, விரைவில் கனிந்துவிடும்.

அப்படியானால் விடை என்ன?

பூதலூரில் தொட்டி ஆப்பிள் பூக்க வாய்ப்புண்டு. சில காய்கள் கிடைக்கவும் வாய்ப்புண்டு. ஆண்டுதோறும் காய்க்கும் என்ற உறுதி கிடையாது. நெல்லுக்கும் வாழைக்கும் பதிலாக ஆப்பிள் நட்டுப் பணம் பண்ணலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு மாணவர் இரண்டு தொட்டிகளில் முயலலாம்; ஓர் உழவர் தம் நிலத்தை அதில் ஈடு வைக்கலாகாது.

ஆயினும் இது வெறும் பொழுதுபோக்கு என்றும் தள்ளிவிட முடியாது. 1916ஆம் ஆண்டை ஒட்டி சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், இமாச்சலத்தின் கோட்கர் பகுதியில் டெலிசியஸ் ஆப்பிளைக் கொண்டுவந்து நட்டார். அந்த மலைகளின் வாழ்வே அதனால் மாறியது. இன்று குளிர்காலம் இளகி வருவதால், தாழ்ந்த சரிவுகளில் பழைய வகைகளுக்குப் போதிய குளிர் கிடைப்பதில்லை. ஆப்பிள் தோட்டங்கள் மேலும் மேலும் உயரத்துக்கு ஏறுகின்றன. ஏற இடமில்லாத உழவர், குளிர் குறைவாகக் கேட்கும் வகைகளை நாடுகிறார். ஆப்பிள் மொட்டு எப்போது உறங்கும், எதனால் விழிக்கும் என்ற கேள்வி அவருக்குப் பிழைப்பைப் பற்றிய கேள்வி.

அந்தக் கேள்வியின் ஒரு பகுதியைப் பள்ளி மாணவர் எவரும் செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். ஆப்பிள் விதைக்கும் உறக்கம் உண்டு. நாற்பது விதைகளைச் சேர்த்துக் கழுவுங்கள். இருபதை ஈரத்துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் பகுதியில் அன்று. மற்ற இருபதை அதே போல் ஈரத்துணியில் சுற்றி மேசை மேல் வையுங்கள். வாரந்தோறும் திறந்து பார்த்து, ஈரம் குறையாமல் காத்து, முளைத்தவற்றை எண்ணிக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வேறுபாடு தெரியும். கடைக்கு வரும் பழங்கள் பல மாதம் குளிர்கிடங்கில் இருந்தவையாக இருக்கலாம். அத்தகைய பழத்தின் விதைகள் மேசை மேலும் முளைக்கக்கூடும். ஆகவே ஒரே பழக்கூடையிலிருந்து எடுத்த விதைகளைக் கலந்து, பிறகு இரண்டாகப் பிரிக்க மறவாதீர்கள்.

விதை எறிந்த சிறுவனின் கன்று சில சமயம் முளைத்ததற்கும், சில சமயம் முளைக்காமற் போனதற்கும் காரணம் அந்த டப்பாக்களில் கிடைக்கும்.